கூடவே வாய் திறந்தவர்

மார்த்தாண்டத்து ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒடிசலான உடம்பு, நரைத்த கொண்டை, பையில் ஒரு சின்ன டார்ச். பக்கவாதத்தில் அப்பாவின் தொண்டை மரத்துப் போயிருந்தது. காலையும் மாலையும் சிஸ்டர் குனிந்து, "அப்பா, ஆ காட்டுங்க" என்பார். சொல்லும்போது அவருடைய வாயும் திறந்துகொள்ளும், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்களைப் போல. நாக்கைக் குச்சியால் அழுத்தி, பஞ்சால் உள்தொண்டையைத் தொட்டுப் பார்ப்பார். அப்பாவுக்கு ஓங்கரிப்பே வராது.

"வெள்ளம்... வெள்ளம்..." என்று அப்பா குழறலாகத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒரு வாய் குடுத்தா என்ன சிஸ்டர்? எப்பிடிக் கேட்டுட்டே கெடக்காவ!"

"தொண்ட இன்னும் முழிக்கல்ல மக்கா. குடுத்தா நேரா நெஞ்சுக்குள்ள போயிரும். நாக்க மட்டும் நனச்சு விடு."

ஒரு மாலை, டாக்டரோடு பேசிவிட்டு வந்த சிஸ்டர் அப்பாவின் வாய்க்குள் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். "ஆ" என்று சொல்லவில்லை. அவர் வாய் மூடியே இருந்தது. டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி கேக்கிற வெள்ளத்தக் குடு மக்கா."

தொண்டை விழித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பாவுக்கு இரண்டு மடக்கு கொடுத்துவிட்டு, உடனே வீட்டுக்குப் போன் போட்டு, "அம்மா, அப்பா வெள்ளம் குடிச்சாவ!" என்று கத்தினேன். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் என்னைத் திருத்தவில்லை.

மறுநாள் அப்பா போய்விட்டார். அந்த ஒரு மாலைச் சந்தோஷத்தை சிஸ்டர் வேண்டுமென்றே எங்களுக்கு விட்டுவைத்தாரா, இல்லை, அப்பா இனிப் பிழைக்கமாட்டார் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லையா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.