காக்கை விரட்டத் தொங்கிய திருமண ஒளித்தட்டு

எங்கள் மகளின் திருமணக் காலையில் என் மனைவி வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு ஓர் ஒளித்தட்டில் பதிவாகியிருந்தது. அப்பதிவு இப்போது பாதியில் நின்றுவிடுகிறது. எஞ்சியது என் நினைவில் மட்டுமே உள்ளது. அந்நினைவுக்கும் என்னைப் போலவே எழுபத்தாறு வயதாகிறது. ஆதலின் இதனை எழுதி வைக்கிறேன்.

படம் பிடித்தவர் அத்தட்டைக் கையில் தந்தபோது, "புது மாதிரி சார், கண்ணாடி கணக்கா தெரியும்" என்றார். எங்கள் வீட்டுப் பழைய டிவிடி கருவி அதனை ஏற்கவில்லை. இரண்டு முறை உள்ளே இட்டோம். இரண்டு முறையும் அது வெளியே தள்ளியது. "கெட்டுப்போயிருக்கும், விடுங்க. நாமதான் நேர்லயே பாத்தோமே" என்று சொல்லி, என் மனைவி அதைத் தன் புடவைகளுக்கடியில் வைத்துவிட்டாள். நான்காம் ஆண்டு அவள் மறைந்தாள்.

திருவொற்றியூர்க் கரையில் மீன் உலர்த்துவோர் பயன்படாத ஒளித்தட்டுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடுவர். வெயிலில் அவை சுழன்று மின்னும்போது காக்கைகள் அருகே வாரா. பின்தெருவில் கருவாடு போடும் அம்மையார் கேட்டபோது, வீட்டிலிருந்த தட்டுகளையெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். கெட்டது என்று நம்பியதால் திருமணத் தட்டையும் சேர்த்தே கொடுத்தேன். நான் செய்த பிழை இதுவே.

ஒரு கோடை முழுதும் அது உப்புக்காற்றில் ஆடியது. பிறகொரு நாள் அந்த அம்மையார் அதைக் கையிலேந்தி வாசலில் நின்றார்.

"இன்னா வாத்யாரே, பொண்ணு கல்யாணத்தயே காக்கா ஓட்டக் குட்த்துட்ட?"

"அது ஓடாதம்மா. கெட்டுவிட்டது."

"யாரு சொன்னா? எம் மருமவன் பாத்துட்டு சொல்றான், இது புளூ ரேவாம். இதுக்கு வேற மிசினு கீதாம். உன் மிசினுதான் கெய்வி!"

தட்டின் மேல் என் மனைவி மைக்கோலால் எழுதிய 'கல்யாணம்' என்ற சொல் வெளிறியிருந்தது. அடிப்பக்கத்தில் மணல் உரசிய கீறல்கள்.

அன்று முதல் அதற்குரிய கருவியை வாங்குவதா, வேண்டாமா என்ற எண்ணம் என்னை விடவில்லை. ஒரேயொரு தட்டுக்காக ஒரு கருவியா? வாங்கி, அது ஓடாவிட்டால்? ஓடக்கூடும் என்ற நம்பிக்கையேனும் அதுவரை என்னிடம் இருந்தது. அதையும் இழக்க நேருமோ என்றஞ்சிப் பல வாரங்கள் கழித்தேன்.

இறுதியில் பாரிமுனைப் பேருந்தில் ஏறினேன். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கிடையே வண்டி ஊர்ந்தது. தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.

பர்மா பஜாரில் ஆறாவது கடையில்தான் கிடைத்தது.

"இத இப்ப யாரு பெரிவரே வாங்குறா? பழசு ஒண்ணு கீது. போட்டுப் பாத்துட்டு எட்த்துக்கோ" என்றார் கடைக்காரர்.

"போட வேண்டாம், பாய். அப்படியே கட்டிக் கொடுங்கள்."

அவர் தட்டுக்குக் கை நீட்டினார். "ஓடலன்னா அப்பால என்னாண்ட வந்து பேஜாரு பண்ணுவ. குடு இப்டி."

திரை ஒளிர்ந்தது. மண்டப வாசல், வாழைமரம், மாப்பிள்ளை. கரும்பச்சைப் பட்டில் என் மனைவி ஆரத்தித் தட்டுடன் குனிந்தாள். அவள் காதோரத்து நரை ஒவ்வொன்றும் தெரிந்தது. அவ்விடத்தில் படம் உறைந்தது. கடைக்காரர் தட்டை எடுத்துத் துடைத்துத் துடைத்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் அவள் குனிந்தாள், ஒருமுறையும் நிமிரவில்லை.

"அதுக்கு மேல போவாது, பெரிவரே. காப்பி எடுத்தாலும் இங்கயேதான் நிக்கும். இதுக்குப் போயி மிசினு எதுக்கு?" அவர் குரல் தணிந்திருந்தது.

"இவ்வளவே போதும்" என்று வாங்கிக்கொண்டேன்.

நாள்தோறும் மாலையில் அவள் குனியும் வரை பார்க்கிறேன். அதன் பின் நடந்தது இது: வெளியே ஒரு லாரி திடீரென ஒலியெழுப்ப, அவள் கை நடுங்கி, ஆரத்தி நீர் மாப்பிள்ளையின் காலில் சிந்தியது. நிமிர்ந்து, வாய்விட்டுச் சிரித்தாள். "மாப்பிள்ளைக்கும் நலங்கு வெச்சாச்சு" என்று சொன்னாள் என்பது என் நினைவு.

அன்று அவ்வாசலில் நின்றவர்கள் இதனைப் படிக்க நேரின், பிழையிருந்தால் திருத்துக. அவள் வேறேதும் சொல்லி, நான் அதனை மறந்திருந்தால், அருள்கூர்ந்து அதையும் எனக்குத் தெரிவியுங்கள்.