ஆறாவது சண்டை

அத்தானுக்கு ஊரில் 'முன்பணம்' என்று பேர். வட்டிக்கு விடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சண்டை நடத்துகிறவர். கயிறு கட்டிய மேடையில் இரண்டு பேரை ஏற்றிவிட்டு, குத்தும் உதையும் காட்டி, டிக்கெட் விற்றுப் பிழைத்த மனிதர். அந்தத் தொழிலில் எல்லோரும் சண்டை முடிந்த பிறகுதான் காசு கொடுப்பார்கள், அதுவும் மனசு இருந்தால். அத்தான் மட்டும் முன்னாலேயே கொடுப்பார். உடை மாற்றும் அறையில், கையில் சண்டை உறை மாட்டுவதற்கு முன், வெறும் உள்ளங்கையில் பணத்தை வைப்பார். "எண்ணிக்கோப்பா. எண்ணிட்டுக் கையை நீட்டு" என்பார். அவன் எண்ணி முடித்துப் பத்திரப்படுத்திய பிறகுதான் உறையின் கயிற்றைக் கட்ட விடுவார்.

காரணம் இருந்தது. வயசுக் காலத்தில் அவரே மேடை ஏறியவர். ஒருநாள் தாடையில் வாங்கிய அடியில் மயங்கி விழுந்து, எழுந்து பார்த்தால் நடத்தினவன் வசூலோடு கம்பி நீட்டிவிட்டான். "நாற்காலியக்கூட விடல, அள்ளிட்டுப் போயிட்டான். நான் படுத்திருந்த மேடைதான் மிச்சம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்தக் காலத்தில்தான் என் அக்கா அவரைக் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எங்கள் அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அந்த மூக்கையா கட்டிக்கப்போறே?" என்று கேட்டார். மூக்கு இரண்டு இடத்தில் வளைந்திருந்தது. ஆனால் கை நேரானது. அப்பா கடைசியில் வீட்டையே அக்கா பேருக்கு எழுதிவைத்தார். கீழ்வீட்டில் அவர்கள், மாடியில் நானும் என் வீட்டுக்காரரும்.

சண்டை நடக்கிற இடம் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு பழைய கிடங்கு. வாசலில் டிக்கெட் கவுன்ட்டர் என் பொறுப்பு. மேடை கட்டிப் பிரிப்பது என் வீட்டுக்காரர். அவரும் அத்தானிடம் சண்டை போட்டவர்தான். இடது கண்ணின் விழித்திரை நைந்துபோயிருக்கிறது, இன்னும் ஒரு நல்ல அடி விழுந்தால் கிழிந்துவிடும், பிறகு பார்வை திரும்பாது என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு உறையைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். அப்போது எங்களைவிட அத்தான்தான் அதிகம் பயந்தார். "தம்பி, இனிமே நீ கயித்துக்கு வெளியில. உள்ளே கால் வெச்சே, நானே உன்னை அடிப்பேன்" என்றார்.

அப்படி இருந்த இடத்துக்குத்தான் அந்தக் கம்பெனி வந்தது. போனில் படமும் பாட்டும் விளையாட்டும் காட்டுகிற கம்பெனி. மாசச் சந்தா கட்டினால் போதும், எங்கே இருந்தாலும் பார்க்கலாம். அத்தானின் சண்டைகளை ஒரு சீசன் முழுக்க நேரலையில் காட்டுகிறோம், அதற்கு இவ்வளவு தொகை என்று ஒரு எண்ணைச் சொன்னார்கள். அத்தான் இருபது வருஷம் டிக்கெட் கிழித்தாலும் பார்க்க முடியாத எண். அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பணம் எப்ப கைக்கு வரும்?"

"சீசன் முடிஞ்சதும் மொத்தமா, மேடம்."

முன்பணம் என்று பேர் வாங்கிய மனிதர் அந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. உலகமே பார்க்கப்போகிறது என்ற வார்த்தையில் தலைகால் புரியாமல் இருந்தார். ஒவ்வொரு காட்சியிலும் ஆறு சண்டை இருக்க வேண்டும், மேடையில் உண்மையாகச் சண்டை நடக்கிற நேரம் இவ்வளவு நிமிஷத்துக்குக் குறையக் கூடாது, பேச்சும் விளம்பரமும் கணக்கில் சேராது, ஒரு காட்சி குறைந்தாலும் மொத்தத் தொகையும் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். விளக்கு, கேமரா, இன்டர்நெட் லைன் எல்லாம் நம் செலவு. அதற்குத்தான் வீட்டை பாங்கில் வைத்தார்கள். அக்கா கையெழுத்துப் போடும்போது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் பேனாவை மூடாமலே மேஜையில் வைத்தாள்.

நான் வாயை அடக்கவில்லை. "வீட்ல படுத்துக்கிட்டுப் பாக்க முடியும்னா எவன் அத்தான் இங்க வந்து வேர்வையில நனைவான்?"

"மச்சினி, நீ கவுன்ட்டர் ஓட்டை வழியாவே உலகத்தைப் பாக்கறே."

அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் முதலில் தெரிந்தது. இரண்டாவது மாசமே வரிசை சுருங்கிவிட்டது. எப்போதும் முதல் வரிசையில் உட்காருகிற ஆட்டோக்காரர் டிக்கெட் வாங்காமல் நலம் விசாரித்துவிட்டுப் போனார். அடுத்த காட்சியில் கிடங்கு காற்று வாங்கியது. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். கேமராவுக்குக் கூட்டமாகத் தெரிய வேண்டும் என்று தெருவில் போகிறவர்களைச் சும்மா கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இன்னொரு பக்கம், உலகமே பார்க்கிறது என்று சண்டைக்காரர்கள் கூலியை ஏற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அடி வாங்குகிறவன் கேட்காமல் யார் கேட்பது? வாசல் வசூல் இல்லாமல் அத்தான் எதிலிருந்து முன்பணம் கொடுப்பார்? "கம்பெனிப் பணம் வந்ததும் சேத்துத் தர்றேன்" என்று ஆரம்பித்தார். பேர் நல்ல பேர் என்பதால் முதலில் எல்லோரும் நம்பினார்கள். வெறும் கையை நீட்டினவனுக்கு அப்படியே உறையை மாட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் அத்தான் அந்த அறைக்குள் போவதையே குறைத்துக்கொண்டார்.

சீசனின் கடைசிக் காட்சி வந்தது. இது ஒன்று சரியாக முடிந்தால் மொத்தத் தொகை, இல்லையென்றால் வீடு போய்விடும். அக்கா வரவே இல்லை. தலைவலி என்றாள். அது எந்தத் தலைவலி என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் சண்டைகள் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தபோது, ஆறாவது சண்டை போட வேண்டிய பெயின்டர் உடை மாற்றும் அறையில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உறையோடு வந்தவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டார். அத்தானை வரச்சொன்னார்கள்.

"போன தடவைக்கும் வரல. இந்தத் தடவை எண்ணிட்டுத்தான் கட்டுவேன். நீங்க சொல்லிக்குடுத்ததுதாண்ணே" என்றார் பெயின்டர்.

பெயின்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, என் கவுன்ட்டரைத் தாண்டி வெளியே போய்விட்டார். போகிற போக்கில் என்னிடம் மட்டும் தலையசைத்தார்.

எதிராளி ஒரு மெக்கானிக். புதுசு, வலுவானவன், உலகம் பார்க்கிறது என்று நம்பி வந்தவன். அவனுக்கு எதிரே நிற்க ஆள் இல்லை. கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் கவுன்ட்டருக்கு வந்தார். ஸ்பேனர் கையில் இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

"முடியாது" என்றேன்.

"மூணு ரவுண்டுதானே. சும்மா சுத்திச் சுத்தி வர்றேன். சண்டை ஆறுன்னு கணக்காகணும், அவ்ளோதான்."

"கண்ணு?"

"வீடு?" என்றார். "அக்கா எங்க போவாங்க? நாம எங்க போவோம்?"

அத்தான் பின்னாலேயே வந்தார். முகம் வெளிறியிருந்தது. நான் கத்தினேன், அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கவுன்ட்டர் பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நானே அவன் மூலையில நிக்கிறேன். துண்டு என் கையில இருக்கும். முகத்துல ஒரு அடி சரியா விழுந்தாலும் வீசிடுவேன். துண்டு உள்ள விழுந்தா சண்டை முடிஞ்சுது. உங்க அக்கா மேல சத்தியம்."

அவர் சத்தியம் செய்து நான் பார்த்ததே இல்லை. நம்பினேன். பரிசோதிக்க வந்த டாக்டர் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். கண்ணைப் பற்றி என் வீட்டுக்காரர் மூச்சு விடவில்லை.

கவுன்ட்டருக்கு எதிரே சுவரில் ஒரு டிவி. கம்பெனி காட்டுகிற நேரலை அதில் ஓடும். பேர்தான் நேரலை. உள்ளே நடப்பது அரை நிமிஷம் கழித்துத்தான் டிவியில் தெரியும். கதவு வழியாக முதலில் சத்தம் வரும், பிறகுதான் படம் வரும். மற்ற நாட்களில் அதை வைத்து விளையாடுவேன். டீ கொண்டுவருகிறவரிடம் "பாருங்க, இப்ப விழுவான்" என்று சொல்லி அசத்துவேன். அன்றைக்கு அந்த அரை நிமிஷம் என்னைக் கொன்றது.

முதல் ரவுண்டில் பெரிதாகச் சத்தம் இல்லை. டிவியில் என் வீட்டுக்காரர் சொன்னபடியே சுற்றிச் சுற்றி வந்தார். கால் இன்னும் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டாவது ரவுண்டு மணி அடித்தது. டிவியில் அவர் இன்னும் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அப்போது உள்ளே "ஓ" என்று ஒரு சத்தம் எழுந்தது. இருபது வருஷமாகக் கேட்ட சத்தம் அது. நல்ல அடி விழுந்தால்தான் அது வரும்.

சரி, துண்டு விழுந்திருக்கும் என்று நினைத்தேன். மணிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மணி அடிக்கவில்லை. இன்னொரு "ஓ". டிவியில் அவர் அப்போதுதான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார், நிதானமாக நடுவுக்குப் போனார். அவருக்கு என்ன ஆகப்போகிறது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஆகியும் விட்டது. டிவியில் அந்த அடி விழுவதைப் பார்த்தேன். இடது பக்கம், நேராக.

வசூல் பெட்டியைத் திறந்தபடியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

கேமரா மேஜையில் கம்பெனிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார், காதில் எப்போதும் கருவி. நாங்கள் அவரையே ஹெட்போன் என்றுதான் சொல்வோம். அவர் கையைத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். முந்தைய சண்டைகள் இரண்டு, தொடங்கிய சூட்டிலேயே முடிந்துவிட்டன. ஆறு சண்டை ஆகிவிட்டது, ஆனால் நிமிஷம் போதவில்லை. இன்னும் இவ்வளவு வேண்டும் என்று விரல் சொன்னது. மூலையில் அத்தான் நின்றார். துண்டு அவர் கையில்தான் இருந்தது. இரண்டு கையாலும் அதை முறுக்கிப் பிடித்திருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. ஹெட்போனின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்! வீசுங்க அத்தான்!"

கேட்டது. கழுத்து அசைந்தது, எனக்குத் தெரியும். ஆனால் திரும்பவில்லை. நான் கத்திக்கொண்டே வயர்களையும் காலி நாற்காலிகளையும் தாண்டிப் போனேன், கேமராக்காரர்கள் மறித்துக்கொண்டார்கள், மூன்றாவது ரவுண்டும் நடந்தது. நடுவர் அத்தான் முகத்தையே பார்த்தார். மெக்கானிக் பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது, நன்றாக அடித்தான். என் வீட்டுக்காரர் விழவே இல்லை. விழுந்தால் நேரம் குறைந்துவிடும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. கடைசி மணி அடித்ததும் கயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார். நான் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி யாரையோ பார்த்து, "முடிஞ்சுதா?" என்று சிரித்தார்.

இரவே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காலையில் ஆபரேஷன் செய்தார்கள். விழித்திரையை ஒட்டவைத்திருக்கிறோம், ஆனால் இடது கண்ணில் பார்வை வராது, எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொன்னார். தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டுமாம்.

மதியம் ஹெட்போன் வந்தார். காதில் கருவி இல்லாமல் அவரை அடையாளமே தெரியவில்லை. நான் விட்டு வந்த வசூல் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார். வராந்தாவில் நின்று தரையைப் பார்த்தபடி பேசினார்.

"ஒண்ணு சொல்லணும்க்கா. கம்பெனிப் பணத்தை நம்பி இருக்காதீங்க. இழுத்து மூடப்போறாங்க. எனக்கே மூணு மாசமா சம்பளம் வரல."

"தெரிஞ்சிருந்துமா விரலைக் காட்டினே?"

"என் வேலை அதானேக்கா" என்றார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். அவரை அடிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை. ஏமாந்தவர்களின் வரிசையில் அவரும் நின்றுகொண்டிருந்தார், எங்களுக்கு முன்னால்.

நான் உள்ளே போய்க் கட்டிலின் வலது பக்கம் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அத்தான் வந்தார். கீழே ஹெட்போனைப் பார்த்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது. பத்து வயசு கூடியிருந்தது. சத்தமில்லாமல் நடந்து வந்து, கட்டிலின் அந்தப் பக்கம், இடது பக்கம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில்.

என் வீட்டுக்காரர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் வந்தாரா?" என்று கேட்டார்.

அத்தான் என் முகத்தையே பார்த்தார்.

"அவரைத் திட்டாதே. நீ திட்டுவே, எனக்குத் தெரியும். அந்த அடி விழுந்ததை அவர் பாக்கல. பாத்திருந்தா அப்பவே துண்டை வீசியிருப்பார். அவர் வாக்குக் குடுத்தா மாற மாட்டார்."

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார்.

"பணம் வந்துடும்ல? மூணு ரவுண்டும் நின்னேனே. அண்ணன் வந்ததும் கேட்டுச் சொல்லு."

இங்கேயே உட்கார்ந்திருக்கிறார், நீங்களே கேளுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இருந்து முழுசாகக் கேட்கட்டும் என்று எனக்கு ஆத்திரம். "கேட்டுச் சொல்றேன்" என்று அவர் போர்வையை இழுத்துவிட்டேன். அத்தான் எழுந்திருக்கவும் இல்லை, பேசவும் இல்லை. என் வீட்டுக்காரர் தூங்கிப்போகும்வரை அந்தப் பக்கமே உட்கார்ந்திருந்தார்.