தள்ளிய கைகள்

கீழப்பழுவூர் மேகலாவுக்கு நாற்பத்து மூன்று வயது. கோயில் சுவர்களில் சாமி படம் வரைவது தொழில். இருபது வருடத்தில் அவள் வரைந்த அம்மன்களை வரிசையாக நிறுத்தினால் அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிற்கும். அத்தனை பேருக்கும் வெள்ளைத் தோல். ரோஸ் கலந்த வெள்ளை, சந்தனம் கலந்த வெள்ளை என்று வகைவகையாக வெள்ளை. கொளுத்துகிற வெயிலில் சின்ன வெங்காயம் பிடுங்குகிற சனங்கள் கும்பிடுகிற சாமிக்கு வெயிலே படாத தோல். அசுரனை வரையும்போது மட்டும் பழுப்பும் கறுப்பும் கலக்கச் சொல்வார்கள். கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க அவள் தன் முழங்கையைச் சுவரோரம் வைத்துப் பார்ப்பாள். அச்சு அசலாக இருக்கும். ஒரு மனுஷியை இதைவிடக் கேவலப்படுத்த முடியுமா?

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு சிரிப்பால்தான். பெரம்பலூர் பக்கம் ஒரு கோயில் திருப்பணியில் சித்தாளாகக் கலவை சுமந்துகொண்டிருந்தாள். பெயிண்டர் ராஜேஷ் சாரத்தில் உட்கார்ந்து லட்சுமி, சீதை, திரௌபதி மூவரையும் ஒரே முகமாக வரைந்து வைத்திருந்தான். நகை மட்டும் வேறு வேறு. கீழே நின்ற மேகலா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவனுக்குச் சுருக்கென்றது. "நீ வரையேன், பாப்போம்" என்று பிரஷைத் தூக்கிப் போட்டான். அவள் வரைந்தாள். அன்றிலிருந்து முகங்கள் எல்லாம் அவள் கை, சுவரின் மூலையில் பேர் மட்டும் ராஜேஷ் ஆர்ட்ஸ். ஆறு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தனியாக வந்தாள். சிமெண்ட் லாரி ஓட்டுகிற புருஷன் அரியமுத்து, "ஒன் பேரப் பெருசா எழுது" என்று சொன்னதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

தனியாக வந்தால் மட்டும் என்ன? அய்யனாருக்குத் தன் மீசையை வைக்கச் சொன்ன உபயதாரர் உண்டு. மதுரை வீரன் கையில் வாட்ச் கட்டச் சொன்ன புண்ணியவானும் உண்டு. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். மறுபடி வேலை வரவேண்டுமே.

போன தை மாதம் வேலங்குடிக்காட்டு மதகாத்தா கோயிலிலிருந்து கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற கும்பாபிஷேகம். மண்டபச் சுவரில் ஆத்தாவின் கதை ஐந்து கட்டமாக இருக்கிறது, அதைப் புதுப்பிக்க வேண்டும்.

அந்தக் கதை ஊருக்கே தெரியும். ஏரிக்கரை வருஷா வருஷம் உடைந்தது. தலைச்சன் பெண் ஒருத்தியைக் கொடுத்தால்தான் நிற்கும் என்று எவனோ குறி சொன்னான். கேட்க நாதியில்லாத பெண்ணாகப் பார்த்துப் பெரிய வீட்டுக்காரர் கை காட்டினார். வெளியூரிலிருந்து மண் சுமக்க வந்த செல்லாயி. தலையில் கூடையோடு நடந்துகொண்டிருந்தவளை நான்கு பேர் உடைப்பில் தள்ளி மூடினார்கள். கரை நின்றது. அப்புறம் அம்மை வந்தது, மாடுகள் செத்தன, பயத்தில் மதகோரம் கல்லை நட்டுக் கும்பிட்டார்கள். அவள்தான் மதகாத்தா.

நாலாவது கட்டத்தில் அவளைத் தள்ளுகிற படம். யார் வரைந்ததோ, கைகால் எல்லாம் கோணல். ஆனால் செல்லாயி கறுப்பாக இருந்தாள். தள்ளுகிறவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரை உதிர்ந்துபோன அந்தப் படத்தின் முன்னால் மேகலா வெகுநேரம் நின்றாள். ஒரு சுவரிலாவது சாமிக்குத் தன் நிறம் கிடைத்திருக்கிறதே என்று முழங்கையை அதன் ஓரம் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

திருப்பணிக் குழுத் தலைவர் சாமிதுரை அந்தப் பெரிய வீட்டு வாரிசு. அவர் செல்போனை நீட்டினார். கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்ததாம். ஏரி நடுவில் தாமரை, அதன்மேல் வெள்ளை வெளேரென்று ஒருத்தி சிரித்தபடி நிற்கிறாள், மேலிருந்து தேவர்கள் பூத்தூவுகிறார்கள்.

"நாலாவது கட்டத்துல இதப் போட்டுடும்மா. ஆத்தா ஊருக்காகத் தானா விரும்பி ஏரியில எறங்குனா."

"தள்ளுனாங்கன்னுதானேங்க சார் கதை?"

"கதைய ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. வெளியூர் சம்பந்திங்க, ஆபீசருங்கல்லாம் வராங்க. சாமி கோயில்ல கொலையவா எழுதி வைக்கிறது?"

கொலை செய்தபோது வராத கூச்சம், படத்தைப் பார்க்கும்போது வந்துவிட்டது. மேகலாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் பழைய காரையைச் சுரண்டினாள், பிரைமர் அடித்தாள், தாமரையை வரைந்தாள். செல்போன் படத்தில் ஆத்தாவின் கையில் ஆறு விரல் இருந்தது. அதை ஐந்தாக்கினாள். ஆறாவது விரலைத் திருத்தத் தெரிந்த எனக்கு மற்றதைத் திருத்த வாயில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வரைந்து முடித்த சாமிக்குக் கடைசியாகக் கண் வைக்கிற கண் திறப்புக்கு முதல் நாள் பொன்னம்மாள் வந்தாள். செல்லாயி பிறந்த வீட்டு வம்சம், திருமழபாடிப் பக்கம். ஐம்பது வயது, நூறு நாள் வேலைக்குப் போகிறவள். ஒவ்வொரு கும்பாபிஷேகத்துக்கும் சீர்ப்புடவை அவர்கள் வீட்டிலிருந்துதான் வரவேண்டும். சீர் கொண்டுவர நேரம் கேட்டுப் போக வந்தவள் நாலாவது கட்டத்தின் முன் நின்றுவிட்டாள்.

"இது யாரும்மா?"

"ஆத்தாதான்க்கா."

"சிரிக்கிறா?"

மேகலா பிரஷைக் கழுவுகிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

"எங்க வூட்ல இன்னைக்கும் தலைச்சம் பொண்ண மண்ணு சுமக்க அனுப்ப மாட்டோம், தெரியுமா? நூறு நாள் வேலைக்கு நான் போவேன், எம் பெரிய மவள வுட மாட்டேன். சிரிச்சுகிட்டா போனா எங்க பொண்ணு? நீயும் ஒரு பொம்பளதானே?"

சொல்லிவிட்டுப் பொன்னம்மாள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மேகலாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊர்க்காரர்கள் மேல் இருந்த கோபத்தைவிடத் தன் கை மேல் இருந்த கோபம்தான் பெரிதாக இருந்தது.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கண் திறக்கும்போது திரை கட்டிவிடுவார்கள். உள்ளே வரைகிறவர் மட்டும்தான் இருக்கலாம், பூசாரிகூட எட்டிப் பார்க்கக்கூடாது. கண் திறந்த பிறகு அந்தப் படத்தில் பிரஷ் படக்கூடாது. அடுத்த கும்பாபிஷேகத்துக்குப் பாலாலயம் செய்து சாமியைத் தற்காலிகமாக வேறிடம் மாற்றும்வரை, பன்னிரண்டு வருடம், யாராக இருந்தாலும் தொடக்கூடாது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் திரைக்குள் போன மேகலா, கண்ணுக்கான கறுப்போடு பழுப்பு டப்பாவையும் கூடையில் மறைத்து எடுத்துப் போனாள். தாமரையின் மேல் மண் நிறத்தை அள்ளிப் பூசினாள். தேவர்களை ஒரே இழுப்பில் கரையாக்கினாள். முழங்கையைச் சுவரோரம் வைத்து நிறம் கலந்தாள். அசுரனுக்கு வைத்து வைத்துப் பழகிய அதே நிறத்தை, இன்றைக்கு முதல்முறையாக ஒரு சாமிக்கு வைத்தாள்.

"ஆச்சாம்மா?" வெளியே பூசாரி வெள்ளைச்சாமி கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க."

செல்லாயியின் முதுகைத் தள்ளுகிற எட்டுக் கைகளை வரைந்தாள். முகங்களுக்கு நேரமில்லை. கடைசியாகக் கண். செல்லாயி திரும்பிப் பார்த்தாள்.

திரை விலகியதும் கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது. சாமிதுரைதான் முதலில் கத்தினார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க? அழி! இப்பவே அழி!"

மேகலா பூசாரியைப் பார்த்தாள். வெள்ளைச்சாமி இரண்டு கையையும் பிசைந்தார். "கண்ணு தொறந்தாச்சுங்களே. இனிமே பிரஷ் படக்கூடாது. போன தடவ ஒரு பொட்டு கோணலா இருந்துச்சு, நீங்கதான் அதக்கூடத் தொட வுடல."

சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கும்பாபிஷேகத்தன்று காலையில் பார்த்தால் நாலாவது கட்டத்தை முழுசாக மூடி ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தது. 'வருக வருக' என்று அதில் அவரே கைகூப்பி நின்றார். பிரஷ் படக்கூடாது என்றுதானே சட்டம், பேனர் படக்கூடாது என்று யார் சொன்னது? கலைஞர்களுக்குச் சால்வை போட்டார்கள். மேகலா பேரை விட்டுவிட்டார்கள். சால்வை போனால் போகட்டும். செல்லாயியை இரண்டாம் முறை மூடிவிட்டார்களே என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தூணோரம் நின்றாள்.

மேளத்தோடு சீர்த்தட்டு வந்தது. முன்னால் பொன்னம்மாள், பின்னால் அவள் வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர். சுவரோரமாக வந்தவள் ஃபிளெக்ஸைப் பார்த்து நின்றாள். தட்டைத் தரையில் வைத்தாள். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். மற்ற பெண்களும் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் குழலை வாயிலிருந்து எடுத்தார். கலசத்தில் தண்ணீர் ஊற்ற அரை மணிதான் இருந்தது.

சாமிதுரை ஓடி வந்தார். "நல்ல காரியத்துல வந்து ஒப்பாரி வைக்கிறியே, நீ வெளங்குவியா?"

பொன்னம்மாள் முகத்தைத் துடைக்கவில்லை.

"இத்தன காலமா தள்ளுனத ஒத்துகிட்டுச் சுவத்துல எழுதி வச்சிருந்தீங்க. அதனால இதச் சீருன்னு சொல்லிக் கொண்டாந்தோம். இப்ப மறைச்சிட்டீங்க. அப்ப இது சீரு இல்லீங்க, செத்தவ மேல பொறந்தவூட்ல போத்துற கோடி. கோடி போட்டா அழுவணும். அழுது முடிச்சிட்டுத்தான் எந்திரிப்போம்."

மேலே விமானத்திலிருந்து குருக்கள் நேரமாகிறது என்று கூப்பிட்டார். வெளியூர் சம்பந்திகள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் ஃபிளெக்ஸ் பக்கம் போகவில்லை. கடைசியில் சாமிதுரையே நாற்காலியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். அவர் படம் சரிந்து கீழே விழுந்தது.

பொன்னம்மாள் சுவரைப் பார்த்தாள். எழுந்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, தட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இப்ப சீரு," என்றாள். "ரெண்டு கையாலயும் வாங்குங்க."