ஏறாத கரப்பான்

எங்கள் சந்தில் காசியாத்தியிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் கிடையாது. செருப்புக் கம்பெனியில் ஆள் குறைத்தபோது முதல் ஆளாக அவளை வெளியே அனுப்பியதற்கும் அந்த வாய்தான் காரணம் என்பார்கள். வேலை போன பிறகு கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். பிறகு கரப்பான் பூச்சி வளர்க்கத் தொடங்கினாள்.

சிரிக்க ஒன்றுமில்லை. எங்கள் சுரபாயா நகரத்தில் ஓணானும் பல்லியும் அரோவானா மீனும் வளர்க்கிற பைத்தியங்களுக்குப் பஞ்சமே இல்லை. அந்தச் சீமான் வீட்டுப் பிராணிகளுக்கு இரை உயிரோடு துள்ள வேண்டும். துபியா என்கிற அகலக் கரப்பான் அதற்குக் கைகண்ட தீனி. வீட்டுக் கரப்பான் மாதிரி நாறாது, முட்டைக் கூட்டை இண்டு இடுக்கில் ஒட்டி வைக்காமல் குட்டியாகவே போடும், வழுவழுப்பான சுவரில் ஏறத் தெரியாது.

ஏறத் தெரியாதென்று அதை நம்பி விடுவதற்குக் காசியாத்தி என்ன ஏமாளியா? பெற்ற தாயையே நம்பாதவள். உயரமான கறுப்பு பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கினாள். மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, காற்றுக்காக இரும்பு வலையை வைத்துப் பசையை உருக்கி ஒட்டினாள். நைலான் வலையென்றால் கடித்துக் குதறிவிடும். உள்பக்கம் விளிம்பைச் சுற்றி வழுக்குகிற அகலமான டேப் ஒட்டி, அதில் தூசி படிந்து பூச்சிக்குப் பிடிமானம் கிடைத்துவிடாமல் தினமும் ஈரத்துணியால் துடைத்தாள். பூச்சி ஒண்டிக்கொள்ள முட்டை அட்டைகளை நிற்க வைத்து அடுக்கினாள், எச்சம் கீழே உதிரட்டும் என்று. அட்டையின் உச்சிக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு சாண் இடம் விட்டாள்.

அட்டைகள் முனிப்பிடமிருந்து வந்தன. சந்து முனையில் மர்தாபாக் என்கிற முட்டை ரொட்டி போடுகிறவன். நாளெல்லாம் முட்டை உடைப்பதுதான் அவன் பிழைப்பு.

"ஜெயில்லகூட இவ்ளோ காவல் கிடையாது, நிங்," என்பான் அவன். எங்கள் ஊரில் அக்காளை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"ஜெயில்ல கைதி ஓடுனா வார்டனுக்கு மெமோ. இங்க ஓடுனா எனக்குச் சோறு கிடையாது. வாய மூடிட்டு அட்டையக் குடு."

அவளுக்கும் பக்கத்து வீட்டு ரொம்லாவுக்கும் ஆகாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர், அதுவும் விரிசல் விட்ட சுவர். சாக்கடை அடைப்பை யார் குத்திவிடுவது என்பதில் ஆரம்பித்த பகை, சாக்கடை சரியான பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. ரொம்லா வீட்டு வாசலில் ருஜாக் கடை போட்டிருந்தாள். இறால் விழுதும் வேர்க்கடலையும் சேர்த்து அரைத்து, காய், பழம், வெந்த மாட்டு மூக்குத் துண்டு எல்லாம் போட்டுப் பிரட்டித் தருவாள். நாக்கு உள்ளவன் எவனும் அவள் கைப்பக்குவத்தைக் குறை சொன்னதில்லை.

ஒரு மத்தியானம் அவள் கடையில் சாப்பிட்ட ஒருவன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். ரொம்லா அந்தத் தட்டோடு காசியாத்தியின் வாசலுக்கு வந்தாள்.

"வெளிய வாடி பூச்சிக்காரி! நீ பெத்து வளக்கறது என் தட்டுல வந்து உக்காந்திருக்கு. வந்து இடுப்புல தூக்கிட்டுப் போ!"

"என் பூச்சிக்கு ரோசம் உண்டு. உன் அடுப்படில அது கால் வைக்காது, நிங்."

சந்து கூடிவிட்டது. சந்துத் தலைவர் ஹர்ஜிட்டோ சாரத்தை இறுக்கிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காசியாத்தி, உன் பெட்டியிலிருந்து வெளிய வந்ததுதான் இதுன்னு தெரிஞ்சா, அப்புறம் ஒரு பெட்டி இந்தச் சந்துல இருக்கக் கூடாது. சொல்லிட்டேன்," என்றார்.

அவள் உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து நடுச்சந்தில் வைத்து மூடியைத் திறந்தாள். வெயில் பட்டதும் பூச்சிகள் பதறின. சுவரில் காலை வைத்தன, சறுக்கின, மல்லாந்து விழுந்தன. ஒன்றுகூட ஏறவில்லை. ஜனங்கள் சிரித்தார்கள். ஹர்ஜிட்டோ தட்டில் கிடந்ததைப் பார்த்தார், பெட்டியில் கிடந்ததைப் பார்த்தார். பெட்டியில் இருந்தது அகலம், தட்டில் கிடந்தது மெலிசு. எந்த வீட்டிலும் ஓடுகிற சாதாரணக் கரப்பான்.

"இது உன்னோடது இல்லம்மா," என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். காசியாத்திக்கு விடத் தெரியாது. "வீட்டுக் கரப்பான் எங்க வரும்? அழுக்கு எங்க இருக்கோ அங்கதான் வரும்! அந்த அழுக்குல அரைச்சுத்தான் எல்லாருக்கும் ஊட்டுறா!" என்று சந்தின் இரு முனைக்கும் கேட்கும்படி கத்தினாள்.

அந்த ஒரு சொல் ரொம்லாவின் கடையைத் தின்றது. ரொம்லா தரையைத் தேய்த்தாள், சுவரைத் தேய்த்தாள், பூச்சி மருந்துக் கட்டியால் வாசல் முழுக்கக் கோடு இழுத்தாள். ஆனாலும் ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்தன. ஆட்கள் கடை முன் வண்டியை மெதுவாக்கி, யோசித்து, அடுத்த தெருவுக்குப் போனார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரஷ் தேய்கிற சத்தம் கேட்கக் கேட்கக் காசியாத்திக்கு நெஞ்சு குளிர்ந்தது. அப்படிப்பட்டவள்தான், ஒளிக்க ஒன்றுமில்லை.

பெட்டியில் அட்டை மாற்றும்போதுதான் விஷயம் உடைந்தது. உருவி எடுத்த ஒரு அட்டையின் குழியில் அவரை விதை மாதிரி பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. முட்டைக் கூடு. துபியா முட்டைக் கூட்டை ஒட்டி வைக்காதே என்று அவள் நினைத்து முடிப்பதற்குள், அட்டைக்குள்ளிருந்து மெலிசாக ஒன்று ஓடி வந்து, பெட்டிச் சுவரில் ஏறி, அவள் துடைத்துத் துடைத்துக் காத்த டேப்பின் மேலேயே நடந்து வெளியே குதித்தது.

முனிப்பின் அட்டை. முட்டை மண்டியில் கிடந்து, கடையில் கிடந்து வருகிற அட்டையைக் கறுப்புப் பையில் இறுகக் கட்டி, தகரக் கூரையில் பல நாள் வெயிலில் வேகவிட்ட பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். பூச்சி வளர்க்கிறவனுக்கு முதல் பாடம் அது. நோன்பு மாத நெருக்கடியில், பெரிய ஆர்டர் ஒன்று வந்த அவசரத்தில், அட்டைகளை வாங்கிய சூட்டோடு உள்ளே அடுக்கியிருந்தாள். துபியா தப்பாமல் இருக்க ஆயிரம் காவல் வைத்தவள், உள்ளே என்ன போகிறது என்று பார்க்கவில்லை. கூட்டிலிருந்து பொரிந்து வந்த வீட்டுக் கரப்பான் குஞ்சு அந்த இரும்பு வலை வழியே தாராளமாக வெளியேறும். அவள் வீட்டில் தின்ன என்ன இருக்கிறது? சுவர் விரிசலுக்கு அப்பால் இறால் விழுது மணக்கிறது.

முதலில் முனிப்பைத் திட்டினாள். பிறகு முட்டை மண்டிக்காரனை. விரிசலைப் பூசாத வீட்டுக்காரனை. திட்ட ஆள் தீர்ந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹர்ஜிட்டோவிடம் சொன்னால் பெட்டிகள் போகும். வேறு பிழைப்பு இல்லை. அதனால் சொல்லவில்லை. துபியாக்களைக் கையால் பொறுக்கிப் புதுப் பெட்டிகளில் போட்டுவிட்டு, அட்டைகள் முழுவதையும் வாசலில் போட்டுக் கொளுத்தினாள். கிழிந்த அட்டைக்குக்கூட முனிப்போடு மல்லுக்கு நிற்கிறவள் கட்டுக்கட்டாக எரிப்பதை ரொம்லா துடைப்பமும் கையுமாக நின்று பார்த்தாள்.

ரொம்லா அரைகல்லை விற்கப் போகிறாள் என்று அந்த வாரமே பேச்சு வந்தது. காசியாத்திக்குச் சோறு இறங்கவில்லை. இரக்கம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். ரொம்லாவை ஜெயிப்பது அவளுக்கு வெல்லம்தான். பொய்யாக ஜெயித்ததுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து சந்து நிறைய ஆட்கள் திரும்புகிற நேரம். காசியாத்தி நேராகப் போய் ரொம்லாவின் காலிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். நடந்தவர்கள் நின்றார்கள். முனிப் கரண்டியைத் தூக்கியபடி பார்த்தான்.

"ஒரு ருஜாக்," என்றாள்.

ருஜாக் கடையில் யார் உட்கார்ந்தாலும் மிளகாய் எத்தனை என்று கேட்டுவிட்டுத்தான் அரைப்பார்கள். ரொம்லா கேட்கவில்லை. கை நிறைய அள்ளிக் கல்லில் போட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அரைத்தாள்.

காசியாத்தி சாப்பிட்டாள். முதல் வாயிலேயே காது அடைத்தது. மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"யாருக்குக் கேக்குது? அன்னிக்கு அழுக்குன்னு கத்துனியே, அந்தச் சத்தத்துல சொல்லுடி."

காசியாத்தி கண்ணீரோடு நிமிர்ந்தாள். "நல்லா இருக்கு! சுத்தமா இருக்கு! போதுமா?" என்று சந்து அதிரக் கத்தினாள்.

யாரோ ஒருவர் தயங்கித் தயங்கிப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். ரொம்லா அவருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, காசியாத்தியின் காலித் தட்டை எடுக்கக் குனிந்தாள்.

"அட்டைய எரிச்சப்பவே எனக்குத் தெரியும்," என்றாள் காதருகே. "தலைவர்கிட்ட போனா உன் பெட்டிதான் போகும், என் கடைக் கூட்டம் திரும்பி வராது. அதனால நாளைக்கும் இங்க வந்து உக்காரு. அதுக்கு மறுநாளும். போதும்னு நான் சொல்ற வரைக்கும்."

காசியாத்தி தலைத்துணியின் முனையால் மூக்கைத் துடைத்தாள். "மொளகா மட்டும் கொஞ்சம் குறைச்சு…"

"அது என் இஷ்டம்," என்றாள் ரொம்லா.