பயணக் கொப்பியில் ஒரு வியாழக்கிழமை

யோகராணி ஹொலண்டுக்குப் போகப்போகிறாள் என்ற செய்தி மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதி முழுக்கப் பரவ ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவள் சொன்னது யோசெப்பின் என்ற சிநேகிதி ஒருத்தியிடம்தான். யோசெப்பினிடம் சொன்னால் பிறகு நோட்டீஸ் அடிக்கத் தேவையில்லை.

கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சிரிப்பு. எங்கள் சனம் ஐரோப்பாவுக்குப் பிளேன் ஏறுவதென்றால் ஒரு கலியாணவீடு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, அதுவும் இல்லாவிட்டால் செத்தவீடு. அறுபத்து மூன்று வயதில் ஒரு பெண் தன்னந்தனியாக ரியூலிப் பூப் பார்க்கவும் ஓவியப் படம் பார்க்கவும் போனதாகக் கதையே இல்லை. "அக்கா, கோடை வரட்டும், இஞ்சையே பூக்கும்தானே" என்று யோசெப்பின் புத்தி சொன்னாள்.

யோசெப்பினும் யோகராணியும் ஒரே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவர்கள். யோகராணி அங்கே இருபத்திநான்கு வருடம் இருந்துவிட்டுப் போன இலையுதிர்காலத்தில்தான் ஓய்வு பெற்றாள். மூன்றாம் மாடி நடைவழியில், நோயாளிகளுக்கு மனம் ஆறட்டும் என்று யாரோ ஒரு படம் மாட்டியிருந்தார்கள். மஞ்சள் சட்டை போட்டு நீல ஏப்ரன் கட்டிய ஒரு வேலைக்காரப் பெண், குனிந்த தலை நிமிராமல், குடத்திலிருந்து சட்டிக்குள் பால் ஊற்றுகிறாள். வெள்ளிக்கிழமை தோறும் அதன் கண்ணாடியைத் துடைப்பது யோகராணியின் வேலை. துடைத்துத் துடைத்து அந்தப் படம் அவளுக்கு மனப்பாடம். பின்சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகள் இருக்கின்றன, ஒருவரும் பூசி அடைக்கவில்லை. யன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருக்கிறது, அதையும் மாற்றவில்லை. அந்த வீட்டுக்காரர் கொஞ்சம் கஞ்சப்பயல்தான் என்று அவள் தீர்மானித்திருந்தாள். படத்தின் அடியில் ஆம்ஸ்டர்டாம் என்று அச்சடித்திருந்தது. ஓய்வு பெற்றதும் அசலை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அவள் நினைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும்.

கணவர் காலமாகி ஆறு வருடம். மகள் பிரஷாந்தினி ரொறன்ரோவில். மொன்றியலில் வீட்டை அறைக்கணக்கில் சொல்வார்கள். யோகராணியுடையது மூன்றரை. அந்த அரை, குளியலறை. அந்த மூன்றரையில் அவளும் ஒரு கறிவேப்பிலைச் சாடியும் குடியிருந்தார்கள். வேலைக்குப் போன காலத்தில் வீடு சின்னதாக இருந்தது. இப்போது மாரிகாலத்து மத்தியானங்களில் அது பெரிதாகிவிட்டது. சில நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்கு மூலைக்கடை டெப்பனரில் பால் வாங்கும்போது "பொன்ஜூர்" சொல்லத்தான் முதல்முதலாக வாய் திறப்பாள். தன் குரல் கரகரப்பதைக் கேட்டு அவளுக்கே வெட்கமாக இருக்கும்.

பயணத் திட்டம் வந்த பிறகு நாட்களுக்கு ஒரு கைப்பிடி கிடைத்தது. காலையில் நூலகத்துக்குப் போவாள். பிரெஞ்சில் இருக்கும் வழிகாட்டிப் புத்தகங்களை விரித்துவைத்து, விரலை வைத்து வைத்து வாசிப்பாள். ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டு ஒன்பது நாட்களை எழுதினாள். திங்கள் ஆம்ஸ்டர்டாம், வாய்க்கால்களில் வள்ளம். செவ்வாய் பெரிய அருங்காட்சியகம், பால் ஊற்றுகிற பெண். புதன் ரியூலிப் தோட்டம். வெள்ளி டென் ஹாக், அங்கேயும் ஒரு ஓவியக்கூடம். சனி டெல்ஃப்ற், நீலப் பூப்போட்ட பீங்கான். எந்த ரயில், எத்தனை மணிக்கு, எங்கே மாறவேண்டும், தோட்டத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதுவரை எழுதினாள். கூட வரச்சொல்லி யோசெப்பினைக் கேட்டாள். மகளைக் கேட்டாள். கோயிலில் பழக்கமான இரண்டு பேரைக் கேட்டாள். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "பாப்பம்." எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள், பாப்பம் என்றுதான் சொல்வார்கள். அவள் ஒரு ஆளுக்கே ரிக்கெட் போட்டாள்.

கொப்பியில் வியாழக்கிழமை மட்டும் காலியாக இருந்தது.

உண்மையில் அது காலி இல்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் பிரேடா என்ற ஊருக்குப் போய்விடலாம். பிரேடாவில் அவளுடைய ஒரே அண்ணன் இரவிச்சந்திரன் இருந்தார். பன்னிரண்டு வருடமாக இருவரும் பேச்சில்லை. அண்ணனுடைய ஊரின் பெயரை எழுதத்தான் பேனை ஓடவில்லை.

பிழை அவளுடையதுதான். பிரஷாந்தினியின் கலியாணத்துக்கு நானூறு கார்ட் அடித்தார்கள். நெருங்கிய சொந்தத்துக்கு முதலில் போன் எடுத்து வாயால் சொல்லி, பிறகுதான் கார்ட் போடவேண்டும். அதுவும் பெண்ணின் தாய்மாமனுக்கு! ஆனால் அந்தக் கிழமை அவளுக்கு இரட்டை வேலை. அண்ணனுடைய கார்ட்டும் மற்றதுகளோடு தபாலில் போய்விட்டது. பேந்து எடுப்பம், பேந்து எடுப்பம் என்று அவள் நாளைத் தள்ள, கார்ட் போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் கலியாணத்துக்கு வரவில்லை. 'ஊராருக்குப் போட்ட மாதிரி எனக்கும் போட்டிருக்கிறாள்' என்று யாரிடமோ சொன்னாராம். அது காதில் விழுந்ததும் யோகராணிக்கும் ரோசம் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பேரை இந்த வீட்டில் ஒருவரும் எடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டாள்.

சட்டம் போட்டவளே அதை முதலில் மீறினாள். அவளுடைய போனில் வானிலை பார்க்க மூன்று ஊர்கள் இருந்தன: மொன்றியல், ரொறன்ரோ, பிரேடா. காலையில் தேத்தண்ணீரோடு பிரேடாவில் மழையா என்று பார்ப்பாள். மழையென்றால், அண்ணனுக்குத் தொய்வு வந்து மூச்சு இழுக்குமே என்று நினைப்பாள். அவ்வளவுதான் உறவு.

யோசெப்பின் வேறு சும்மா இருக்கவில்லை. "அக்கா, கூடப்பிறந்த அண்ணை இருக்கிற நாட்டில ஹொட்டேலில நிக்கப்போறியளோ? நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சால் என்ன நினைப்பார்?"

யோகராணி கொப்பியை மூடினாள்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கொப்பியைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினாள். உடனே போன் வந்தது.

"அம்மா, வியாழக்கிழமை ஏன் ஒண்டும் இல்லை?"

"களைப்பாற."

"பிரேடாவுக்கோ?" மகள் கெட்டிக்காரி. அவளே மெல்லச் சொன்னாள். "அம்மா, மாமா ஆக்கள் இப்ப அங்க இல்லை. லெஸ்டருக்குப் போய் எட்டு வருஷமாச்சு. மாமாவின்ர கடைசிப் பெடியின்ர இங்கிலிஸ் படிப்புக்கெண்டு போனவை. ஹொலண்டில இருந்த எங்கட சனம் கனபேர் இப்ப இங்கிலாந்திலதான்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"வித்தியாதான்." வித்தியா அண்ணனின் மூத்த மகள். "நாங்கள் கதைக்கிறனாங்கள் அம்மா. நீங்கள்தானே அவையின்ர பேரை எடுக்கவேண்டாம் எண்டனீங்கள்."

யோகராணி கதிரையில் இருந்துவிட்டாள். எட்டு வருடம். எட்டு வருடமாக அண்ணன் இல்லாத ஊரின் மழைக்கு அவள் கவலைப்பட்டிருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிடம் அழுகை வந்தது. அழுகையை மகளுக்குக் காட்டாமல் நம்பரை மட்டும் வாங்கினாள்.

ஞாயிறு மத்தியானம் குளித்து, விளக்கு வைத்து, தலையைக்கூட இழுத்து முடிந்துகொண்டு போன் எடுத்தாள். லெஸ்டரில் பின்னேரம்.

"ஹலோ?"

"அண்ணை, நான் ராணி."

அந்தப் பக்கம் ரீவி சத்தம் நின்றது.

"சொல்லு."

"சுகமோ?"

"இருக்கிறம். முழங்கால்தான் சரியில்லை. நீ?"

"இருக்கிறன். ஏப்ரலில ஹொலண்டுக்குப் போறன் அண்ணை. உங்களையும் பாப்பமெண்டு இருந்தன். நீங்கள் அங்க இல்லையெண்டு நேற்றுத்தான் தெரியும்."

"எங்க நிப்பாய்?"

"ஹொட்டேலிலதான்."

"நானும் ஹொட்டேலிலதான் நிண்டனான்" என்றார் அண்ணன். "லவாலில. முந்தின வருஷம் ஓகஸ்ட். என்ர சிநேகிதன்ர மகளின்ர கலியாணம்."

லவாலுக்கும் அவளுடைய வீட்டுக்கும் எவ்வளவு தூரம்? மெத்ரோவில் ஏறினால் ஒரு மணித்தியாலம் ஆகாது.

"உன்ர ரோட்டுக்கும் வந்தனான்" என்று அவர் தொடர்ந்தார். குரல் தணிந்திருந்தது. "காரை எதிர்ப்பக்கம் விட்டிட்டு இருந்தனான். நீ பல்கணியில நிண்டு ஏதோ சாடிக்குத் தண்ணி ஊத்தினனீ. நல்லா மெலிஞ்சு போனாய். தலையும் நரைச்சுப் போச்சு. அரை மணித்தியாலம் இருந்திருப்பன். நீ நிமிந்து பாக்கேல்லை."

"ஏன் அண்ணை ஏறி வரேல்லை?"

"நீ ஒரு வார்த்தை சொல்லேல்லையே. சொல்லாமல் எப்பிடி வாறது?"

கோபம் ஒரு கணம் அவள் மூக்கு நுனிக்கு வந்தது. தங்கச்சி வீட்டுக்கு வர அழைப்பு வேணுமோ என்று கத்தலாம்தான். ஆனால் அந்த அழைப்புக்கு அவர் பன்னிரண்டு வருடம் காத்திருக்கிறார். அவளும் போனைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் காத்திருந்தாள். யாருக்காகக் காத்திருந்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவள் எழுந்து நின்றாள். மூத்தவர்களுக்குக் கலியாணம் சொல்லும்போது கதிரையில் இருந்துகொண்டு சொல்லக்கூடாது.

"அண்ணை, ஏப்ரல் பதினேழாம் திகதி, வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. ஆம்ஸ்டர்டாமில ஒரு படம் பாக்கப்போறன். நீங்கள் மச்சாளையும் கூட்டிக்கொண்டு கட்டாயம் வரவேணும்."

"என்ன படம்?"

"ஒரு பொம்பிளை பால் ஊத்திற படம்."

"இதுக்கோ போன் எடுத்தனீ?"

"ஓம். இதுக்குத்தான். கார்ட் பேந்து போடுவன்."

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "பாப்பம்" என்றார். போன் வைக்கப்பட்டது.

அந்தப் பாப்பம் எப்படிப்பட்டது என்று யோகராணிக்குத் தெரியாதா? இந்த மாரி முழுவதும் அதைத்தானே கேட்டாள். இருந்தும் கொப்பியை எடுத்து, செவ்வாய்க்கிழமையில் இருந்த அருங்காட்சியகத்தை வெட்டி வியாழக்கிழமையில் எழுதினாள். பிறகு மகளிடமிருந்து வந்த பழைய லப்டொப்பைத் திறந்து, அருங்காட்சியக ரிக்கெட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்ட இடத்தில் மூன்று என்று போட்டாள். போனில் பிரேடாவை அழித்து லெஸ்டரைச் சேர்த்தாள். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது.

கறிவேப்பிலைச் சாடி மாரிக்கு யன்னலோரம் ஒதுங்கியிருந்தது. யோகராணி செம்பில் தண்ணீர் எடுத்துவந்து ஊற்றினாள். ஊற்றும்போதே தலையை நிமிர்த்தி, கண்ணாடியூடாகக் கீழே பார்த்தாள். வீதியின் எதிர்ப்பக்கத்தில் பனியில் பாதி புதைந்தபடி ஒரு கார் நின்றது. அதற்குள் ஒருவரும் இல்லை. சாடி நிரம்பித் தண்ணீர் அவள் காலில் வழியும்வரை, அவள் அந்தக் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.