வாளையின் கடைசிச் சாப்பாடு

இப்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு மீன் வயிறு இல்லாமல்தான் வருகிறது. கைபேசியில் சொன்னால் போதும், கோபாலபுரத்தில் எங்கள் வாசலுக்கே கழுவி, நறுக்கி, காற்றுப் புகாத பையில் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். கவிச்சி வாடைகூட இல்லை. என் கணவர் இதைப் பெரிய முன்னேற்றம் என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். போன மாதம் அப்படி வந்த வாளைத் துண்டுகளைத் தட்டில் கொட்டியபோது எனக்கு மட்டும் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. ஒரு காலத்தில் வாளையை அதன் வயிற்றுக்காக மட்டுமே தேடி அலைந்தவள் நான்.

சிரிக்காதீர்கள், அதுதான் என் முதல் வேலை. அபிராமபுரத்தில் ஒரு வீட்டு மாடியில் அலுவலகம். பெயர்ப் பலகையில் ஏதோ நீளமாக எழுதியிருக்கும். செய்த வேலையைச் சொன்னால் சுருக்கம். சென்னைக் கரையோரக் கடலில் எந்த மீன் எந்த மீனை எவ்வளவு தின்கிறது என்று கணக்கெடுப்பது. வாளை நெத்திலியைத் தின்னும், நெத்திலி கண்ணுக்குத் தெரியாத பூச்சி புழுவைத் தின்னும், வாளையைச் சுறா தின்னும், கடைசியில் எல்லாவற்றையும் நாம் தின்போம். இந்தச் சாப்பாட்டுக் கணக்கைக் கணினியில் ஏற்றினால், ஒரு மீனை இவ்வளவு பிடித்தால் மற்ற மீன்கள் என்ன ஆகும் என்று அது சொல்லும். அதை வைத்து எந்த வலையை எப்போது நிறுத்தலாம், எப்போது விடலாம் என்று யோசனை எழுதிக் கொடுக்க வேண்டும். கணினி என்னதான் கெட்டிக்காரனாக இருந்தாலும் வாளை என்ன தின்றது என்று அதற்கு எப்படித் தெரியும்? வயிற்றைக் கீறித்தான் பார்த்தாக வேண்டும்.

கீறியது நானும் வைதேகியும். வைதேகி மயிலாப்பூர் மாடவீதிப் பெண். அவர்கள் வீட்டில் வெங்காயமே நாள் கிழமை பார்த்துத்தான் உள்ளே வரும். நான் ராயப்பேட்டை. குழம்பு வாசனையை வைத்தே என்ன மீன் என்று சொல்லிவிடுகிற குடும்பம். ஆனால் வேலையில் அவள்தான் கெட்டி. எனக்கு மீனைப் பார்த்தால் மிளகாய்த்தூள் ஞாபகம் வந்து தொலைக்கும். அவளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கள் அம்மி, அம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். "கொடல் அறுக்கவா உன்ன எம்.எஸ்ஸி. படிக்க வெச்சோம்?" என்பார். எனக்கு ஒன்றும் வாடை அடிக்காது. குடல் கெடாமலிருக்க ஊற்றும் ஃபார்மலின் பழகிவிட்ட மூக்கு அது.

குடல்களைப் போட்டுவைக்கும் ஃப்ரீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் பழையது ஒன்றைச் சரிபண்ணி வாங்கினோம். முன்னால் ஐஸ்கிரீம் கடையில் இருந்தது போலிருக்கிறது. மூடியில் ஒரு கோன் படம், எவ்வளவு சுரண்டியும் போகவில்லை. கீழ்வீட்டு மாமி ஒருநாள் படியேறி வந்து, ஐஸ்கிரீம் சில்லறையாகத் தருவீர்களா என்று கேட்டுவிட்டார். வைதேகி சிரிக்காமல், "ஸ்டாக் இல்லை மாமி" என்றாள். மூடியைத் திறந்து காட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்கள்.

குடல் கொடுத்தது கஸ்தூரி அக்கா. நொச்சிக்குப்பத்துச் சாலையோரம் அவருக்குக் கடை. அவர் வீட்டுக்காரர் ஏழுமலை நெத்திலி வலை போடுகிறவர். கண் சிறிய வலை; நெத்திலியோடு அதைத் துரத்திக்கொண்டு வந்த வாளையும் சேர்ந்து மாட்டும். வாங்க வருகிறவர்களுக்கு வாளையை அறுத்துக் கொடுக்கும்போது குடலை எங்கள் டப்பாவில் போட்டுவிடுவார் அக்கா. எதுவும் கேட்க மாட்டார். கேலி மட்டும் உண்டு.

"இன்னா பாப்பா, ஊரெல்லாம் மீன எடுத்துகினு கொடல உட்டுட்டுப் போவுது, நீங்க கொடல எடுத்துகினு மீன உட்டுட்டுப் போறீங்க. உங்க வூட்ல இன்னாத்த தின்றீங்க?"

"எங்க ஆத்துல மீனே கிடையாதுக்கா" என்பாள் வைதேகி. அக்காவுக்கு அதைக் கேட்டால் பாவமாக இருக்கும். அன்றைக்கு இரண்டு குடல் கூடுதலாக விழும்.

இப்படி ஒரு வருஷம் ஓடியது. கணக்கையெல்லாம் கணினியில் ஏற்றினோம். மத்தியானம் முழுக்க அது முனகிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்ன பதில் ரொம்பத் தெளிவாக இருந்தது. வாளையே இவ்வளவு நெத்திலியைத் தின்கிறது, அதற்குமேல் வலையும் போட்டால் நெத்திலி தாங்காது. எங்கள் திட்டத்தின் தலைவர், சார் என்றே சொல்கிறேன், யோசனையை எழுதிவிட்டார்: நெத்திலி வரும் மாதங்களில் கரையோரம் அந்த வலையை நிறுத்த வேண்டும்.

அந்த மாதங்களைத் தவிர ஏழுமலைக்குப் பிழைப்பு கிடையாது. எனக்கு அது தெரியும், வைதேகிக்கும் தெரியும். ஆனால் கணக்கு கணக்குத்தானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மறுநாள் நொச்சிக்குப்பம் போகக் கால் வரவில்லை. வயிற்று வலி என்று வைதேகியை மட்டும் அனுப்பினேன். குடல் அறுக்கிறவளுக்கு வேறு என்ன வலி வரும்.

அவள் டப்பாவோடு திரும்பி வந்து வழக்கம்போல மேஜையில் உட்கார்ந்தாள். முதல் வயிற்றைக் கீறியதுமே என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, இங்க வந்து பாரேன். இந்த நெத்திலி இப்பத்தான் செத்த மாதிரி பளபளன்னு இருக்கே. செதில்கூடப் போகலை. வயத்துல ஒரு ராத்திரி இருந்திருந்தா கூழாகியிருக்க வேண்டாமோ?"

ஃப்ரீசரில் இருந்த மற்றவற்றையும் எடுத்துப் போட்டாள். தூண்டிலில் பிடித்த வாளைகள் கொஞ்சம் தனியாக வைத்திருந்தோம். அவற்றின் வயிற்றில் முள்ளும் கூழும்தான் இருந்தன, அதுவும் கொஞ்சமே. ஏழுமலையின் வலையில் வந்தவற்றில் மட்டும் முழு நெத்திலி, தொண்டை வரைக்கும்.

விஷயம் அவ்வளவுதான். வலையை வளைத்து இழுத்து முடிக்க வெகுநேரம் ஆகும். அதற்குள் அடைபட்ட வாளை, பக்கத்திலேயே முண்டியடிக்கும் நெத்திலியைச் சும்மா விடுமா? கடைசிச் சாப்பாட்டை வயிறு புடைக்கச் சாப்பிட்டிருக்கிறது. கல்யாணப் பந்தியில் ஒருவன் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, தினமும் இப்படித்தான் சாப்பிடுவான் என்று நாங்கள் கணக்கெழுதியிருந்தோம். அக்கா இலவசமாகக் கொடுத்த குடல்தான் அவர் வீட்டு வலையை நிறுத்தச் சொல்லியிருந்தது.

சாரிடம் போய்ச் சொன்னோம். கையில் மசால்வடையோடு இருந்தார். அதை அப்படியே காகிதத்தில் வைத்துவிட்டார்.

"வலையில வந்ததையெல்லாம் எடுத்துட்டா நம்மகிட்ட என்னம்மா மிஞ்சும்?"

"தூண்டில் மீன் கொஞ்சம் இருக்கு சார்."

"அத வெச்சுக்கிட்டு யோசனை சொல்ல முடியாது. யோசனை இல்லேன்னா அடுத்த வருஷம் இந்த ஆபீஸே இருக்காது. தெரியுமில்ல?"

"தெரியும் சார். ஆனா அவா வலையை நிறுத்தினப்பறம் தப்புன்னு தெரிஞ்சா, யார் போய்ச் சொல்றது?" என்று கேட்டாள் வைதேகி.

சார் மசால்வடையைக் காகிதத்தோடு மடித்து ஓரமாக வைத்தார். வீட்டுக்குப் போங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். பஸ் ஸ்டாப்பில் நான் வைதேகியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவள்மேல் அப்படி ஒரு கோபம். கண்டுபிடிப்பதைத்தான் கண்டுபிடித்தாள், அறிக்கை போன பிறகு கண்டுபிடித்திருக்கக் கூடாதா? முதல் வேலை போகப்போகிறது என்ற பயம் மனுஷியை எவ்வளவு கேவலமாக யோசிக்க வைக்கிறது பாருங்கள்.

மறுநாள் நாங்கள் போவதற்கு முன்பே வலையை நிறுத்தச் சொன்ன பக்கத்தைச் சார் கோடு போட்டு அடித்துவிட்டிருந்தார். தூண்டில் மீனை மட்டும் வைத்து மறுபடி ஓட்டினோம். இப்போது கணினி ஒரு பக்கமும் சாயவில்லை. தி.நகரில் ஒரு குளிரூட்டிய அரங்கில் சார் அறிக்கையைப் படித்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?" என்று கேட்டார். "இப்போதைக்கு எங்களுக்குத் தெரியலைன்னு சொல்றோம்" என்றார் சார். அந்த மனிதர்மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. எதிர்பார்த்த மாதிரியே திட்டத்தை நீட்டிக்கவில்லை.

இனி குடல் வேண்டாம் என்று சொல்லிவர நானும் வைதேகியும் நொச்சிக்குப்பம் போனோம்.

"படிச்சி முடிச்சாச்சா? இன்னா தெரிஞ்சிச்சி?" என்றார் கஸ்தூரி அக்கா.

"ஒண்ணும் சொல்ல முடியலக்கா."

"ஒரு வருசமா கொடல அறுத்துகினு இருந்துட்டு ஒண்ணுமே தெரியலையா? நல்லா படிச்சீங்க போ" என்று விழுந்து விழுந்து சிரித்தார். நாங்களும் சிரித்தோம். வைதேகிக்குக் கண் கலங்கியிருந்தது. அக்காவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

சார் இப்போது இல்லை. அபிராமபுரத்து மாடியில் பல் டாக்டர் இருக்கிறார். வைதேகி அடையாறில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறாள். வாளைத் துண்டுகள் வந்த அந்த வாரம் மனசு கேட்காமல் நொச்சிக்குப்பம் போய்வந்தேன். சாலையோரக் கடைகள் எல்லாம் கட்டடத்துக்குள் போயிருந்தன. கஸ்தூரி அக்கா இருந்தார். அவர் முன்னால் இருந்த மீன் ஆந்திராவிலிருந்து லாரியில் வந்தது. நெத்திலி வலை என்ன ஆனது என்று கேட்டேன்.

"அது எங்க கீது இப்போ? கரையாண்ட நெத்திலி வர்றதே இல்ல பாப்பா. வலையப் போட்டுட்டு வெறும் கைய வீசிகினு வர்றதுக்கு எதுக்கு? பையன் கார் ஓட்டறான்."

"யாராவது நிறுத்தச் சொன்னாங்களாக்கா?"

"யாரு சொல்லணும்? அதுவா நின்னு பூடுச்சி."

வீட்டுக்கு வந்து வைதேகிக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.  பிறகு கேட்டேன், அன்றைக்கு அந்த வலையை நிறுத்தியிருந்தால் இன்றைக்கு நெத்திலி இருந்திருக்குமோ என்று.

"தெரியாதுடி" என்றாள் வைதேகி. "தெரியாதுன்னுதானே அன்னிக்கும் எழுதினோம்."