வலை நூலில் ஒரு சட்டை

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருகிறான் என்றதும் எங்கள் ரப்பர் தோட்டத்துத் துரையும் துரைசானியும் காரில் தெற்கே போய்விட்டார்கள். மறுநாள் தோட்டத்து ஜனம் பங்களாவுக்குள் புகுந்தது. அரிசி மூட்டை, கட்டில், நிலைக்கண்ணாடி, கோழி என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார்கள். இரண்டு வருடம் அந்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் நான். எது எங்கே இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். ஆனாலும் உள்ளே நுழையக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் போன பிறகு போய், துணி வெளுக்கும் அறையில் கிடந்த ஒரு சாம்பல் நிறச் சுவெட்டரை மட்டும் எடுத்து வந்தேன். முழங்கையில் பூச்சி அரித்திருந்தது.

என் வீட்டுக்காரர் அதை விரித்துப் பார்த்துச் சிரித்தார்.

"ஊரே அரிசி கொண்டாருது. நீ கந்தலக் கொண்டாந்திருக்கியே லா!"

"பிரிச்சா நூலாவுங்க."

குழந்தை தூங்கும் மதிய நேரங்களில் துரைசானி எனக்குப் பின்னக் கற்றுக்கொடுத்திருந்தார். பேச்சு எங்களுக்குள் அதிகம் ஓடாது. என் விரலைப் பிடித்து நூலைச் சுற்றிக் காட்டுவார். தப்பாகப் போட்டால் தலையை ஆட்டுவார். அவருடைய ஊசிகளை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் ஓர் உடைந்த சைக்கிளிலிருந்து இரண்டு கம்பிகளைக் கழற்றி, முனையைக் கல்லில் தேய்த்துத் தந்தார். அவருக்கு ஓயாத இருமல். விடியற்காலைப் பனியில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போய்ப் போய் வந்தது. அவருக்கு ஒரு கழுத்துத் துண்டு பின்னலாம் என்று தொடங்கினேன்.

கொஞ்ச நாளில் ரப்பர் பால் வாங்க ஆள் இல்லாமல் போயிற்று. ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டோம். காடு வெட்டி, கிழங்கு பிடுங்கி, வீட்டுக்கு வந்தால் இரண்டு வரிசை போடுவதற்குள் கண் சொருகும். துண்டு வாரத்துக்கு நான்கு விரல் அளவுதான் வளர்ந்தது. அந்த நாட்களில்தான் எனக்கு இரண்டு மாதமாக நாள் தள்ளிப்போயிருந்தது. இன்னொரு மாதம் பார்த்துவிட்டு அவரிடம் சொல்லலாம் என்றிருந்தேன்.

சொல்ல வாய்க்கவில்லை. ஒரு நாள் காலையில் பெரட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்தத் திடலில் லாரி வந்து நின்றதாம். வயசுப் பையன்கள், கல்யாணமானவர்கள் என்று பார்க்காமல் ஏற்றிக்கொண்டார்களாம். கங்காணிதான் வந்து சொன்னார்.

"சயாமுக்கு ரயில் ரோடு போடவாம்மா. மூணு மாசந்தான்னு சொல்றாங்க."

"எங்கிட்ட ஏதும் சொல்லச் சொன்னாருங்களா?"

"சொன்னாரு. பின்னால இருக்கிற கெழங்கப் பன்னி தோண்டறதுக்கு முந்தி புடுங்கிக்கச் சொன்னாரு."

அன்று மதியமே பிடுங்கினேன். ஒரு கிழங்கையும் விடவில்லை.

எங்கள் லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், முதல் வீடு எங்களுடையது. ஆண்கள் போன பிறகு பெண்கள் ஒவ்வொருவராகச் சுங்கைப் பட்டாணி டவுனுக்கும் உறவுக்காரர் இருந்த தோட்டங்களுக்கும் போனார்கள். எனக்குப் போக இடமில்லை. கடைசி வீட்டில் ஓர் அக்கா மட்டும் மிஞ்சினார். அவருடைய புருஷனும் அதே லாரியில் போனவர்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் பத்து வீடு காலி. காற்றடித்தால் அவற்றின் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துக்கொள்ளும். யாரோ வருகிறார்கள் என்று நான் எழுந்து எழுந்து போய்ப் பார்ப்பேன்.

கழுத்துத் துண்டைப் பின்னி முடித்தேன். மடித்து அவருடைய சட்டைகளோடு வைத்தேன். மூன்று மாதம் ஆயிற்று, அவர் வரவில்லை. வயிறு தெரிய ஆரம்பித்தது. பிள்ளைக்குப் போட ஒரு முழம் துணி கிடையாது. நாங்களே சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் அந்தத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து பார்த்தார்.

"என்னாடி யோசிக்கிற? பிரி."

"அவருக்குன்னு பின்னுனதுக்கா."

"அவரு வரட்டும், வேற பின்னிக்கலாம். புள்ள வேற எங்கருந்துடி நூலு கொண்டாரும்?"

முனையை அவிழ்த்துவிட்டு இழுத்தேன். கண்ணிகள் ஒவ்வொன்றாக விட்டன. பின்ன மாதக்கணக்கானது, பிரிக்க ஒரு பானை உலை கொதிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. அவர் போனபோது வராத அழுகை அப்போது வந்தது.

அந்த நூலில் ஒரு தொப்பியும் இரண்டு காலுறையும் ஒரு சிறு போர்வையும் ஆயின. சட்டைக்கு நூல் இல்லை. கடலோரத்துத் தஞ்சோங் டாவாயிலிருந்து ஒரு மலாய்க்கார அம்மா சைக்கிளில் கருவாடு கொண்டு வந்து மரவள்ளிக்கு மாற்றிக்கொண்டு போவார். மக்சிக் என்று கூப்பிடுவேன், அவர்கள் பேச்சில் அத்தை. அவரிடம் நூல் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார்.

"பராப்பா புலான்?"

எத்தனை மாதம் என்கிறார். ஏழு விரலைக் காட்டினேன். புருஷன் எங்கே என்றார். "சயாம்" என்றேன். 

அடுத்த வாரம் ஒரு கிழிந்த மீன்வலையைச் சுருட்டிக் கொண்டுவந்தார். மரப்பட்டைச் சாற்றில் ஊறிச் செம்பழுப்பாக இருந்தது. கிழங்கு கொடுத்தேன், வாங்கவில்லை. முடிச்சுகளை அவிழ்க்கவே பத்து நாள் பிடித்தது. ஆற்றில் மூன்று நாள் ஊறப்போட்டும் கடல் வாசம் போகவில்லை. அதில்தான் சட்டை பின்னினேன். மக்சிக் வரும்போதெல்லாம் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அந்தச் சட்டை முடிந்த பிறகு இரண்டு தடவைதான் வந்தார். அப்புறம் வரவே இல்லை. என்ன ஆயிற்றென்று கேட்டறிய எனக்கு வழியும் இல்லை.

பிரசவம் பார்த்தது அக்காதான். பெண் குழந்தை. துடைத்துவிட்டுச் சட்டையைப் போட்டவர் திகைத்துப் போய் நிமிர்ந்தார்.

"ஏன்டி, யாருக்குடி பின்னுன இத? வெள்ளக்காரப் புள்ளைக்கா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் கையில் தூக்கி வளர்த்தது துரைசானியின் குழந்தை ஒன்றைத்தான். பாலும் வெண்ணெயும் தின்ற உடம்பு. அந்த அளவு என் கையிலேயே தங்கிவிட்டது. என் மகளோ கிழங்கு தின்றவளின் வயிற்றில் வளர்ந்தவள், ஒரு பூனைக்குட்டி கனம் இருந்தாள். சட்டைக்குள் அவள் எங்கே இருக்கிறாள் என்று தேட வேண்டியிருந்தது. சட்டைக் கையை மூன்று மடிப்பு மடித்துவிட்டேன். தொப்பி கண்ணை மூடிக் கழுத்து வரை இறங்கிற்று. அக்கா சிரித்தார், நானும் சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான்.

பிறந்த குழந்தைக்கென்று பின்னிய அந்தச் சட்டை அவளுக்கு ஒரு வயதில்தான் சரியாக வந்தது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து சிலர் திரும்பினார்கள். காலில் புண்ணோடு, அடையாளம் தெரியாமல் வந்தார்கள். அக்காவின் புருஷன் காலராவில் போனதைக் கூட இருந்தவரே வந்து சொன்னார். அக்கா தாலியைக் கழற்றிவிட்டு அலோர் ஸ்டாரில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். ரயிலில் ஒன்றாகப் போனோம், பிறகு வேறு முகாமுக்குப் பிரித்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தோட்டம் மறுபடி திறந்தது. ஆபீசில் புதுக் கிராணி வேலையாட்களின் பெயர் பதிந்துகொண்டிருந்தார்.

"வூட்டுக்காரர் எங்கம்மா?"

"சயாமுக்குப் போனாருங்க."

"எறந்துட்டாரா?"

"தெரியாதுங்க."

பேனாவை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு எழுதணுமேம்மா."

"ஊர்ல இல்லன்னு எழுதிக்குங்க."

ஏதோ எழுதினார். அப்போது எனக்குப் படிக்கத் தெரியாது; என்ன எழுதினார் என்று கேட்கவும் இல்லை.

மறுநாள் மகளை, வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போனேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அத்தனை பிள்ளைகளை ஒரே இடத்தில் அவள் அதுவரை பார்த்ததே இல்லை. என் கையை விட்டுவிட்டு அவர்களைப் பார்த்து நடந்து போனாள்.